கரும்பறிஞர் வெங்கட்ராமன்

வாளேந்தி நாடு வென்றவர்களை வரலாறு மறப்பதில்லை. சொல்லேந்தி மேடை வென்றவர்களையும் மக்கள் மறப்பதில்லை. வயலில் நின்று பயிரை வென்றவர்களின் பெயரோ நம் நெஞ்சில் நிலைப்பதில்லை. நாள்தோறும் காப்பியில் சர்க்கரை கலந்து பருகுகின்றோம். அச்சர்க்கரை எந்தக் கரும்பின் சாறு, அக்கரும்பு எந்த நோயினின்றும் தப்பி வந்தது, அதனை ஆக்கியளித்தவர் யார் என்று வினவினால் விடை கூறவல்லார் நம்முள் எத்தனை பேர்?

அவ்வாறு ஆக்கியளித்தவர் ஒரு தமிழர். ராவ் பகதூர், சர் முதலிய பட்டங்களைப் பெற்றவர். விடுதலை பெற்ற பாரதம் 1956-ல் பத்மபூஷண் விருதளித்துப் போற்றிய பெரியார். அவர்தாம் டி. எஸ். வெங்கட்ராமன். ஐதராபாத்தில் பயிலும் நமக்கு அவரை நினைவுகூரத் தனிக் காரணமும் உண்டு. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் நமது இந்நகரில் கூடியபோது, தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் அவரே. நாம் நாள்தோறும் நடமாடும் இந்நகரத்தில் நம்மவர் ஒருவர் இந்திய விஞ்ஞானத்துக்கே தலைமை தாங்கினார் என்ற செய்தி நம் மன்றத்தினரிற் பலருக்குப் புதிதாகவே இருக்கும். ஆகவே அவர்தம் வாழ்வையும் பணியையும் இங்குச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

விதையில்லாப் பயிர்

வெங்கட்ராமன் 1884-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் கரும்புக்கு முளைக்கும் விதையே இல்லை என்றுதான் உலகிற் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கரணையாக நடுவதே வழக்கம். அந்நடவில் ஒரு வசதி உண்டு; ஒரு கேடும் உண்டு. தாய்க் கரும்பின் இயல்பு மாறாமல் பிள்ளைக் கரும்பு வரும் என்பது வசதி. ஒரு வயலில் நிற்கும் ஆயிரக்கணக்கான கரும்புகளும் உண்மையில் ஒரே கரும்பின் துண்டுகள்; ஆகவே அவற்றுள் ஒன்றை வீழ்த்தவல்ல நோய் அனைத்தையும் வீழ்த்திவிடும் என்பது கேடு. மேலும், நோயுற்ற கரணையை நட்டால் நோயையும் சேர்த்தே நட்டவராவோம்.

1888-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாவாத் தீவிலும் பார்படோஸ் தீவிலும் கரும்பின் பூவிலிருந்து முளைக்கும் விதை கிடைப்பது ஐயமற நிறுவப்பட்டது. பஞ்சு போன்ற அப்பூவினுள் கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறிய விதை மறைந்திருந்தது. விதை உண்டென்றால் இரு கரும்புகளை மணமுடிக்கலாம். மணமுடித்தால் புதிய கரும்பைப் பெறலாம். உழவர்களின் கையில் இல்லாதிருந்த ஒரு திறவுகோல் விஞ்ஞானியின் கைக்கு வந்தது.

கோதாவரி தந்த பாடம்

அத்திறவுகோலுக்கு நமது நாட்டில் வேலை வைத்தது ஒரு நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் கோதாவரிக் கழிமுகத்தில் கரும்புத் தோட்டங்கள் அழியத் தொடங்கின. மேலிலைகள் வாடின, பின் முழுக் கரும்பும் காய்ந்தது. காய்ந்த கரும்பை நீளவாட்டில் பிளந்து பார்த்தால் உள்ளே செந்நிறம் பரவி, அதன் குறுக்கே வெண்டிட்டுக்கள் தோன்றும். புளித்த கள்ளின் வாடை வீசும். செவ்வழுகல் என்று நாம் வழங்கும் கொடிய நோய் அதுவே. ஒரு பூசணம் தண்டினுள் புகுந்து சர்க்கரையைத் தின்று தீர்ப்பதால் அது விளைகின்றது.

சென்னை இராசதானியின் அரசாங்கத் தாவரவியலாளராக இருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்னும் ஆங்கிலேயர் அந்நோயை ஆராய்ந்தார். தண்டினுள் ஒளிந்திருக்கும் பூசணத்தை மருந்து தெளித்து மாற்ற இயலாது என்பதும், நோயைத் தாங்கவல்ல கரும்பை நடுவதே வழி என்பதும் தெளிவாயின. 1902-ல் கோதாவரி மாவட்டத்துச் சாமல்கோட்டையில் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது இந்நோயின் விளைவாகவே. இன்று நாம் பேசும் நோயெதிர்ப்பு ஆராய்ச்சி தென்னாட்டுக் கரும்பைப் பொறுத்தமட்டில் இத்தெலுங்கு நாட்டு மண்ணில்தான் வேர்விட்டது எனலாம்.

இதே காலத்தில் கடல் கடந்த கேம்பிரிட்ஜில் பிபென் என்னும் அறிஞர் கோதுமையை ஆராய்ந்தார். மஞ்சள் துரு நோய்க்கு இரையாகும் கோதுமையையும் இரையாகாத கோதுமையையும் அவர் கலந்தார். பேரப்பயிர்களில் நோயுற்றவையும் நோயற்றவையும் மூன்றுக்கு ஒன்று என்ற மெண்டலின் கணக்குப்படியே பிரிந்து வருவதை 1905-ல் வெளியிட்டார். நோயைத் தாங்கும் திறன் ஏதோ மண்ணின் வளமோ வானின் அருளோ அன்று. கண்ணின் நிறத்தைப்போல் தலைமுறைதோறும் இறங்கிவரும் ஒரு மரபுச் சொத்து என்று உலகம் உணர்ந்தது. சொத்து என்றால் உரியவரிடமிருந்து பெற்று வேண்டியவருக்கு வழங்கலாமன்றோ?

கோயமுத்தூர்ப் பண்ணை

1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பர் அதன் தலைவரானார்; இருபத்தெட்டு வயதினரான வெங்கட்ராமன் அவருக்குத் துணைவராக அமர்ந்தார். இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இந்தியாவின் கரும்புப் பரப்பிற் பெரும்பகுதி வடநாட்டில் அன்றோ உள்ளது? நிலையத்தைத் தெற்கே அமைப்பானேன்? வடநாட்டில் கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் அங்குள்ள குளிரில் விதை பிடிப்பதில்லை. கோயமுத்தூரிலோ கரும்பு தாராளமாகப் பூத்து நல்விதையும் ஈனும். ஆகவே மணவிழா தெற்கே. குடித்தனம் வடக்கே என்று அமைந்தது.

வடநாட்டுக் கரும்பு மெலிந்தது, விரலளவே பருத்தது. குளிரையும் வறட்சியையும் தாங்கும். சாறு மட்டும் குறைவு. தென்னாட்டுச் செழுங்கரும்போ பருத்தது, சாறு மிகுந்தது. ஆயினும் நோய்க்கும் குளிருக்கும் அஞ்சுவது. செழுங்கரும்பின் இனிமையையும் மெலிந்த கரும்பின் வலிமையையும் ஓருடலிற் சேர்ப்பது எங்ஙனம்?

இங்கேதான் பார்பரும் வெங்கட்ராமனும் எவரும் மதியாத ஒரு புல்லின்பால் கண்ணோட்டினர். ஆற்றோரங்களில் வெண்சாமரம் வீசியதுபோல் பூத்து நிற்கும் நாணலை நாம் அறிவோம். தெலுங்கர் அதனை ரெல்லு கட்டி என்பர். நம்மவர் பேய்க்கரும்பு என்றும் வழங்குவர். அதில் கடித்துச் சுவைக்கச் சாறில்லை. வெட்டி எரித்தாலும் மீண்டும் தழைக்கும் பிடிவாதம் உண்டு. வெள்ளமும் வறட்சியும் நோயும் அதனை அசைப்பதில்லை. உழவன் களையென்று பிடுங்கி எறியும் அப்புல்லில்தான் உழவனுக்கு வேண்டிய மருந்து இருந்தது.

வெள்ளை என்னும் தென்னாட்டுச் செழுங்கரும்பையும் கோயமுத்தூர்ப் பேய்க்கரும்பையும் கலந்து பெற்ற நாற்றுக்களுள் ஒன்று கோ 205 என்று பெயர் பெற்று 1918-ல் பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றது. கோ என்பது கோயமுத்தூரைக் குறிக்கும் முன்னெழுத்து. தமிழில் அச்சொல் அரசனையும் குறிக்கும் என்பது தற்செயலான பொருத்தமேயாயினும் அழகான பொருத்தம். பேய்க்கரும்பையே பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு வயலேறிய முதற் கரும்பு அது. பஞ்சாபின் பழைய கரும்பைவிட மிக்க விளைவு தந்து உழவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

எளிதாகச் சொல்லிவிட்டோம், செயலோ எளிதன்று. பேய்க்கரும்பும் செழுங்கரும்பும் ஒரே நாளில் பூப்பதில்லை; இரண்டையும் ஒரே காலத்தில் பூக்கச் செய்யவேண்டும். பூவினை மூடிக் காக்கவேண்டும். குறித்த மகரந்தத்தை மட்டும் சேர்க்கவேண்டும். தூசியனைய விதையைத் தொட்டியில் விதைத்து முளைப்பிக்கவேண்டும். முளைத்தவற்றில் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆயிரமாயிரம் நாற்றுக்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, அளந்து, சாறு பிழிந்து, நோயூட்டிச் சோதித்து, ஏறத்தாழ அனைத்தையும் கழித்து, எஞ்சிய ஓரிரண்டைத் தேரவேண்டும். கழிப்பதற்கு அஞ்சாத நெஞ்சே பயிர் வளர்ப்பு விஞ்ஞானிக்கு முதல் தகுதி. முப்பது ஆண்டுகள் வெங்கட்ராமன் அவ்வாறு கழித்தும் தேர்ந்தும் வந்தார்.

உலகஞ் சென்ற கரும்பு

1919-ல் பார்பர் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பினார். நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942-ல் ஓய்வு பெறும்வரை அவரிடமே இருந்தது. வழிகாட்டிய பெருமை பார்பருக்கு உண்டு; அவ்வழியே நெடுந்தொலைவு நடந்து சேரிடம் சேர்ந்த பெருமை வெங்கட்ராமனுக்கே உரியது. இருவர் பெருமையும் ஒன்றையொன்று குறைப்பதில்லை.

கோ 205 வலியதாயினும் அதன் இனிமை போதவில்லை. ஆகவே செழுங்கரும்பு, வடநாட்டு மெலிகரும்பு, பேய்க்கரும்பு என்னும் மூன்றின் குருதியும் கலந்த கரும்புகளை வெங்கட்ராமன் ஆக்கினார். கோ 281, கோ 290, கோ 312, கோ 313 என அவை வரிசையாக வெளிவந்தன. சாவாவின் புகழ்பெற்ற கரும்பையும் கோ 290-ஐயும் கலந்து பிறந்த கோ 419 முப்பதுகளில் வெளிவந்து தென்னாட்டையும் தக்காணத்தையும் தன்னடிப்படுத்தியது. 1937-ல் நம் மாநிலத்துப் போதனில் நிறுவப்பெற்று 2015-ல் மூடப்பட்ட நிஜாம் சர்க்கரை ஆலையின் வரலாற்றைப் படிப்போர், தக்காணத்துக் கரும்பு வளர்ச்சியின் பின்னே கோயமுத்தூர் இருந்ததை மறக்கலாகாது.

அயல்நாடுகளும் கையேந்தின. அமெரிக்காவின் லூயிசியானாவில் 1920-களில் தேமல் நோய் கரும்பைத் தாக்கிச் சர்க்கரைத் தொழிலையே நிலைகுலையச் செய்தது. இலையில் வெளிறிய திட்டுக்களைத் தோற்றுவிக்கும் அந்நோய் நச்சுயிரியால் வருவது. சாவாக் கரும்புகள் முதலில் அங்குத் தொழிலைக் காத்தன. தொடர்ந்து கோயமுத்தூரின் கோ 281-உம் அவ்வயல்களில் இடம்பெற்றது. தென்னாப்பிரிக்காவில் யூபா என்னும் பழங்கரும்பு கீற்று நோயால் நலிந்தபோது, அதனிடத்தை நிரப்பியவற்றுள் கோ 281-உம் கோ 301-உம் முதன்மையானவை. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்தியோருள் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகச் சென்றோரின் வழியினரும் இருந்தனர். தமிழரின் கையுழைப்பு முன்னரே சென்ற நாட்டுக்குத் தமிழரின் அறிவுழைப்பும் பின்னர்ச் சென்றது.

நமது நாட்டிலோ விளைவு பெரிது. ஆண்டுதோறும் பல லட்சம் டன் சர்க்கரையைச் சாவாவிலிருந்து வரவழைத்துவந்த இந்தியா 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பளித்தது. அப்போது முப்பதைச் சற்றே தாண்டியிருந்த ஆலைகள் ஐந்தாண்டுகளில் நூற்றுமுப்பதைத் தாண்டின. சட்டம் ஆலை கட்டத் துணைசெய்யலாம், கரும்பை விளைவிக்குமா? கோ கரும்புகள் வயலில் ஆயத்தமாக நின்றமையாற்றான் சட்டம் பயன் தந்தது.

இத்தகைய வெற்றியின் உச்சியில் நின்றுதான் அவர் 1937-ல் ஐதராபாத் மேடையேறினார். தம் தலைமையுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரும்பன்று. இந்தியக் கிராமத்தின் முன்னிலையும் இந்நிலையும் வருநிலையுமே. தம் ஆராய்ச்சியின் வெற்றியைப் பறைசாற்றக் கிடைத்த மேடையில் கிராமத்தைப் பற்றிப் பேசிய அவ்வுள்ளத்தை என்னென்பது!

புதுமைகளிலும் அவர் வேட்கை தணியவில்லை. கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து பார்த்தார். தலைச்சேரியில் பிறந்த தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் 1934-ல் அந்நிலையத்தில் சேர்ந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்ததும், கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்ததும் இக்காலத்திலேதான்.

வென்ற கரும்பின் வீழ்ச்சி

இவ்வளவோடு நிறுத்தினால் இது புகழுரையாகும், வரலாறாகாது. கோ 213 என்னும் கரும்பு பீகாரிலும் கிழக்கு ஐக்கிய மாகாணத்திலும் பெரும்பரப்பில் பரவியிருந்தது. உழவர் அதனை விரும்பினர், ஆலையினரும் விரும்பினர். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கரும்பு. முப்பதுகளின் இறுதியில் செவ்வழுகல் நோய் மீண்டும் எழுந்தது. பூசணத்தின் வீரியமிக்க புதிய வகை தோன்றி, அதுவரை நோயைத் தாங்கிய கரும்பை வீழ்த்தியது. சில ஆண்டுகளில் கோ 213 வயலைவிட்டே நீங்கியது. வெங்கட்ராமன் பொறுப்பிலிருந்த காலத்திலேயே அவர் நிலையம் தந்த கரும்பொன்று இவ்வாறு வீழ்ந்தது.

இதற்குக் காரணம் என்ன? நாற்பதுகளில் அமெரிக்க அறிஞர் பிளார் ஆளிச்செடியின் துரு நோயை ஆராய்ந்து விடை கண்டார். செடியின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் நேராகப் பூசணத்திலும் ஒரு மரபணு உண்டு. செடியினுள் இருப்பது காவலன். பூசணத்தினிடம் இருப்பது காவலனுக்கு அடையாளம் காட்டும் முகம். முகத்தைக் கண்டால் காவலன் தடுப்பான். பூசணம் தன் முகத்தை மாற்றிக்கொண்டால் காவலன் ஏமாறுவான். ஒரே காவலன் நாடெங்கும் நின்றால், முகம் மாற்றிய பூசணம் ஒன்று போதும், நாடெங்கும் புகுவதற்கு. ஆகவே ஒரு பயிர் நோயைத் தாங்குவது நிலைத்த வெற்றியன்று. ஓயாத போராட்டத்தின் ஒரு கட்டமே.

இப்பாடத்தை நாம் கற்றுக்கொண்டோமா? 2009-ல் வெளிவந்த கோ 0238 என்னும் கரும்பு உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பரவியது. சர்க்கரையைக் குவித்தது. அண்மை ஆண்டுகளில் அதே செவ்வழுகல் நோய் அதனையும் பற்றியது. கரும்பின் பெயர் மாறியது, நூற்றாண்டு மாறியது, நமது ஆசை மாறவில்லை. சிறந்தது ஒன்று கிடைத்தால் மற்றெல்லாவற்றையும் கைவிட்டுவிடும் இயல்பு நம்மை விட்டபாடில்லை.

கீரைக்கட்டும் இதுவே கதை

கரும்பின் கதை கரும்போடு நிற்பதன்று. இந்நகரத்து ரைத்து பஜாரில் கூறுகட்டி விற்கும் கீரைகளை நோக்குங்கள். தோட்டக்கூரா என்று இவர்கள் கூறும் நம் முளைக்கீரையின் அடியிலையில் சில வேளை வெண்கொப்புளங்கள் காணப்படும்; அது வெண்துரு நோய். பாலக் கீரையில் வட்டப் புள்ளிகள் விழும். நெல்லில் இலை புள்ளிபட்டாலும் மணி தேறலாம். கீரையிலோ இலையே விளைபொருள்; இலை கெட்டால் எல்லாம் கெட்டது. மருந்தடிப்போம் என்றாலோ, விதைத்த இருபத்தைந்து முப்பது நாளில் பிடுங்கி உலையிலிடும் பயிருக்கு நஞ்சை எப்போது தெளிப்பது, அது எப்போது நீங்குவது? ஆகவே வேறெப்பயிரையும்விடக் கீரைக்கே விதைக்குள் மருந்து வேண்டும். நோயெதிர்ப்பு மரபிலேயே இருக்கவேண்டும்.

அம்மருந்து பெரும்பாலும் காட்டுறவிலோ, எங்கோ ஒரு மூலையில் பயிராகும் பழைய வகையிலோதான் கிடைக்கின்றது. மேனாட்டார் பச்சையாக உண்ணும் லெட்யூஸ் கீரைக்கு அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் மரபணுக்களுள் பல, வேலியோரத்து முள் லெட்யூஸிலிருந்து வந்தவை. அதனை உண்பார் அரியர். பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சுகுணா என்னும் கீரை, தைவானிலிருந்து வந்த விதையில் தேர்ந்தெடுத்தது. வெண்துருவை ஓரளவு தாங்குவது. கரும்புக்குப் பேய்க்கரும்பு செய்ததை இவை கீரைக்குச் செய்கின்றன. ஸ்பினாச் கீரையின் அடிச்சாம்பல் பூசணமோ முகம் மாற்றி முகம் மாற்றிப் பதினைந்துக்கு மேற்பட்ட வகைகளாகப் பெருகிவிட்டது. ஒவ்வொரு புதிய எதிர்ப்பு வகைக்கும் விரைவிலேயே ஒரு புதிய பகை தோன்றுகின்றது. கோ 213-இன் கதை கீரைப்பாத்தியில் மீண்டும் மீண்டும் நடைபெறுகின்றது.

இன்று நாம் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கின்றோம். இன்றைய கரும்பின் குரோமோசோம்களிற் பத்திலொரு பங்குமுதல் ஐந்திலொரு பங்குவரை பேய்க்கரும்பின் வழிவந்தவை என்று கணக்கிட்டுள்ளனர். வலிமையும் நோய்தாங்கும் ஆற்றலும் பெரிதும் அப்பங்கிலேயே இருக்கின்றன. குரோமோசோம்களின் கணக்கும் தெளிவாக அறியப்படாத காலத்தில், கண்ணையும் கையையும் பொறுமையையும் நம்பிப் புல்லின் குருதியைக் கரும்பில் ஏற்றிய அறிஞரின் துணிவை இக்கணக்கே மெய்ப்பிக்கின்றது.

1963-ல் வெங்கட்ராமன் மறைந்தார். அவர் வளர்த்த நிலையம் கோயமுத்தூரில் இன்றும் பணிபுரிகின்றது. கண்ணூரில் உலகக் கரும்பினங்களின் தொகுப்பொன்றையும் அது பேணி வருகின்றது. பேய்க்கரும்பும் அந்நிலையத்தின் காப்பிலிருக்கின்றது. ஆற்றங்கரையிலோ மணலோடு மணலாக நாணலும் அள்ளப்படுகின்றது.

நண்பர்களே! பிழைப்புக்கும் படிப்புக்குமாகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். வெங்கட்ராமன் கோயமுத்தூரில் அமர்ந்திருந்தார். அவர் கரும்பு விளைந்ததோ பஞ்சாபில். அவர் அறியாத மொழி பேசிய உழவன் அவர் பெயரறியாமலே பயன்பெற்றான். அறிவுக்கு ஊர் உண்டு. அதன் பயனுக்கு ஊர் இல்லை. ஆகவே நாம் தமிழகத்துக்குத் திரும்பினாலும் இங்கேயே தங்கினாலும், நம் ஆராய்ச்சி யார் வயலில் விளைந்தாலும், அதனை நமதென்றே கொள்வோம்.

மற்றொன்றும் செய்வோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் பாட்டிமார் கொல்லைப்புறத்தில் ஆண்டுதோறும் விதையெடுத்துப் போற்றிவரும் கீரைகளின் பெயரையும் விதையையும் கேட்டறிவோம். கடைவிதை வந்ததும் அவை கைவிடப்படுகின்றன. நாளை வரும் நோய்க்கு மருந்து அவற்றுள் எதில் இருக்கின்றது என்று இன்று எவராலும் கூறவியலாது. பேய்க்கரும்பு என்று பெயரிட்டு ஒதுக்கிய புல்லிலேயே கரும்பின் காவல் இருந்ததைக் கண்டபின், எதனை நாம் களையென்று எறியத் துணிவோம்?